ரீவைண்ட் பட்டன் இல்லாத ரேஸ்: எஃப்1 கேமின் ‘கரியர் மோடு’ எவ்வளவு நிஜம்?

வெள்ளிக்கிழமை இரவு 11 மணி. ஆபீஸ் லேப்டாப்பை மூடியாச்சு. டிவி திரையில் மொனாக்கோ ட்ராக். பாதி தூர ரேஸ் என்பதால் மொத்தம் 39 லேப். இப்போது 36-வது லேப், நீங்கள் இரண்டாவது இடத்தில் இருக்கிறீர்கள். நீச்சல்குளத்தை ஒட்டி வரும் வளைவில் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் சீக்கிரமாகத் திருப்பிவிட்டீர்கள். முன்சக்கரம் தடுப்பில் உரசுகிறது. சஸ்பென்ஷன் காலி. முக்கால் மணி நேரத்து உழைப்பும் காலி.

உடனே கட்டைவிரல் தானாக ஒரு பட்டனைத் தேடிப் போகிறது. அழுத்தினால் காட்சி பின்னோக்கி ஓடும். உடைந்த சக்கரம் திரும்பவும் ஒட்டிக்கொள்ளும். வளைவுக்கு முன்னால் போய் நின்று, ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓட்டலாம். இதற்குப் பெயர் ‘ஃப்ளாஷ்பேக்’. ‘ஒரு தடவதானே, யாரு பார்க்கப் போறாங்க?’ என்று மனசு சொல்லும்.

2021 மே மாதம் நிஜ மொனாக்கோவில், இதே நீச்சல்குளப் பகுதியில், தகுதிச்சுற்றின் கடைசி நிமிடங்களில் ஃபெராரி வீரர் சார்ல் லெக்லெர் தடுப்பில் மோதினார். அவர் பிறந்து வளர்ந்த ஊர் அது. மோதுவதற்கு முன்பே அதிவேக நேரத்தைப் பதிவு செய்திருந்ததால் முதலிடம் அவருக்குத்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, ரேஸ் தொடங்குவதற்கு முன்பே காரின் இடது பக்க டிரைவ்ஷாஃப்ட் பகுதியில் கோளாறு தெரிந்தது. முதலிடத்தில் நிற்க வேண்டிய கார் ரேஸில் கலந்துகொள்ளவே இல்லை.

வளைவு ஒன்றுதான், தவறும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் பட்டன் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. ரேஸிங் கேம்களில் ‘ரியலிசம்’ பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் கிராஃபிக்ஸையும் என்ஜின் சத்தத்தையும்தான் பேசுகிறோம். உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த கேமில் தவறுக்கு விலை இருக்கிறதா?

கரியர் மோடு என்றால் என்ன?

சாதாரண ரேஸ் என்றால் காரைத் தேர்வு செய்தோமா, ஓட்டினோமா, முடிந்ததா என்று போய்விடலாம். கரியர் மோடில் அப்படி முடியாது. நீங்கள் ஒரு வீரர். உங்களுக்கு ஒரு அணி, ஒரு ஒப்பந்தம், ஒரு சக வீரர் இருப்பார்கள். இந்த வாரம் வாங்கும் புள்ளி அடுத்த வாரமும் கணக்கில் இருக்கும். சீசன் முடிந்ததும் நல்ல அணி கூப்பிடலாம், கூப்பிடாமலும் போகலாம்.

ஃபார்முலா 1 கேம்களை உருவாக்கும் பிரிட்டிஷ் நிறுவனம் கோட்மாஸ்டர்ஸ். 2021-ல் அதை ஈஏ வாங்கியது. இவர்களின் ‘எஃப்1 2010’ கேமில் 3, 5 அல்லது 7 சீசன் நீளும் கரியர் இருந்தது. ‘எஃப்1 2016’-ல் அது 10 சீசன் வரை வளர்ந்தது. காரை மேம்படுத்தும் ஆராய்ச்சிப் பிரிவும் அப்போதுதான் சேர்ந்தது. ‘எஃப்1 2019’-ல் முதல்முறையாக ஃபார்முலா 2-விலிருந்து தொடங்க முடிந்தது, மற்ற வீரர்களும் அணி மாறத் தொடங்கினார்கள். ‘எஃப்1 2020’ இன்னொரு படி மேலே போய், ‘மை டீம்’ என்ற பெயரில் சொந்த அணியையே தொடங்கச் சொன்னது.

ஆக, 10 ஆண்டுகளில் கரியர் மோடு ஒரு வீரரின் கதையிலிருந்து ஒரு நிறுவனத்தின் கதையாக வளர்ந்திருக்கிறது. அதில் எது நிஜம், எது சினிமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கார்: எவ்வளவு நெருக்கம்?

இந்தப் பகுதியில் கேம்கள் நிறையவே முன்னேறியிருக்கின்றன. 2025 மே மாதம் வந்த ‘எஃப்1 25’-ல் பஹ்ரைன், மயாமி, மெல்போர்ன், சுசுகா, இமோலா ஆகிய ட்ராக்குகள் லைடார் எனப்படும் லேசர் ஸ்கேன் தரவைக் கொண்டு புதிதாக அமைக்கப்பட்டன. சாலையின் மேடு பள்ளம், ஓரக் கல்லின் உயரம் எல்லாம் அளந்து எடுத்தவை.

டயரின் மேற்பரப்புச் சூடு, உட்பகுதிச் சூடு இரண்டும் தனித்தனியாகக் கணக்கிடப்படும். ஒரு வளைவில் சறுக்கினால் மேற்பரப்பு சூடாகும், கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். லேப் முழுக்கச் சறுக்கிக்கொண்டே இருந்தால் உட்பகுதியும் சூடாகிவிடும், அது சீக்கிரம் ஆறாது. நிஜ வீரர்கள் ரேடியோவில் டயர் பற்றிப் புலம்புவதற்கு இதுதான் காரணம். மழை பெய்யாத ரேஸில் குறைந்தது இரண்டு வகை டயரைப் பயன்படுத்தியாக வேண்டும் என்ற நிஜ விதியும் கேமில் உண்டு.

எரிபொருளும் அப்படித்தான். 10 கிலோ எரிபொருள் கூடுதலாக இருந்தால் ஒரு லேப்புக்குத் தோராயமாக 0.3 விநாடி போகும். ரேஸ் தொடக்கத்தில் கார் மந்தமாகத் திரும்புவதையும், கடைசி லேப்புகளில் இலகுவாகத் துள்ளுவதையும் கேமிலேயே உணரலாம்.

ஆனால் ‘நிஜம் மாதிரி’ என்று யார் முடிவு செய்வது? ‘எஃப்1 24’ வந்தபோது காரின் கையாளும் தன்மையை அடியோடு மாற்றினார்கள். உலக சாம்பியன் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனே கருத்து சொன்னார் என்று பெருமையாக அறிவித்தார்கள். வீரர்களோ, அதாவது நம்மைப் போல சோபாவில் உட்கார்ந்து ஆடுபவர்கள், ‘கார் இயல்புக்கு மாறாகத் திரும்புது’ என்று கொந்தளித்தார்கள். கேம் வெளிவந்த கொஞ்ச நாளிலேயே அதைத் திருத்தி அப்டேட் கொடுக்க வேண்டியதாயிற்று.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. நிஜக் காரில் பின்சக்கரம் சறுக்குவதை வீரர் முதலில் இடுப்பில் உணர்கிறார், பிறகுதான் கண்ணால் பார்க்கிறார். நமக்கு இருப்பது கண்ணும் காதும், கேம்பேடின் அதிர்வும் மட்டும்தான். அந்தக் குறையை ஈடுகட்ட கேம் கொஞ்சம் பொய் சொல்லியே ஆக வேண்டும். நூறு சதவீதம் நிஜமான காரைக் கட்டைவிரலால் ஓட்டச் சொன்னால், முதல் வளைவையே தாண்ட மாட்டோம்.

அசிஸ்ட்டுகள்: தடையா, ஊன்றுகோலா?

அதற்காகத்தான் அசிஸ்ட்டுகள். டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஏபிஎஸ், எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று சிவப்பில் காட்டும் ரேஸிங் லைன், தானியங்கி கியர். இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், டிராக்‌ஷன் கன்ட்ரோல் நிஜ ஃபார்முலா 1 காரிலும் இருந்தது. 1994-ல் ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் இரண்டுக்கும் தடை வந்தது. 2001-ல் டிராக்‌ஷன் கன்ட்ரோல் மட்டும் திரும்ப அனுமதிக்கப்பட்டு, 2008-ல் மறுபடி தடை செய்யப்பட்டது. ஆகவே அதை ஆன் செய்து ஓட்டுபவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தேவையில்லை. மைக்கேல் ஷூமாக்கர் வென்ற சில பட்டங்களும் அந்த வசதி அனுமதிக்கப்பட்ட காலத்தில் வந்தவைதான்.

அசிஸ்ட் இருந்தால் ரியலிசம் போய்விடும் என்று சொல்வது பாதி உண்மை. அசிஸ்ட் உங்கள் கைக்கு உதவுகிறது. நடந்துவிட்ட தவறை அது அழிப்பதில்லை. அழிப்பது வேறொன்று.

ஃப்ளாஷ்பேக்: காலத்தைத் திருப்பும் பட்டன்

2008-ல் இதே கோட்மாஸ்டர்ஸ் வெளியிட்ட ‘ரேஸ் டிரைவர்: கிரிட்’ கேமில் இந்த வசதி அறிமுகமானது. பின்னர் ஃபார்முலா 1 கேம்களுக்கும் வந்தது. நல்ல எண்ணத்தில்தான் கொண்டு வந்தார்கள். ஒரு மணி நேரம் ஓட்டி, கடைசி லேப்பில் ஒரு சின்னப் பிழையால் எல்லாம் போனால் புதிதாக ஆடுபவர் கேமையே தூக்கிப் போட்டுவிடுவார். வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் மட்டும் ஆடக் கிடைக்கிறவருக்கு அது நியாயமான சலுகை.

ஆனால் அது கரியர் மோடுக்குள் வரும்போது கணக்கு மாறுகிறது. பட்டன் இருக்கிறது என்று தெரிந்தால் எல்லா வளைவிலும் துணிந்து உள்ளே நுழைவோம். முந்துவது பலித்தால் லாபம், பலிக்காவிட்டால் ரீவைண்ட். நிஜத்தில் ஒரு வீரர் ‘இப்போ முந்தலாமா, வேண்டாமா? இரண்டாவது இடத்துக்கு 18 புள்ளி இருக்கே, அதையும் விட்டுட்டா?’ என்று யோசிப்பார். அந்த யோசனைதான் ரேஸ். ஃப்ளாஷ்பேக் அழிப்பது விபத்தை மட்டுமல்ல, விபத்துக்கு முன்னால் இருக்கும் அந்த யோசனையையும்தான்.

இதற்கு நேர் எதிர் முனையில் இருப்பது ‘ஐரேஸிங்’. 2008-ல் தொடங்கிய இந்த ஆன்லைன் சிமுலேட்டரில் கதை கிடையாது, பேட்டி எடுக்கும் நிருபர் கிடையாது. ஆனால் லைசென்ஸ் உண்டு. ரூக்கியில் தொடங்கி டி, சி, பி, ஏ என்று ஏற வேண்டும். எத்தனை ரேஸ் ஜெயித்தீர்கள் என்பது மட்டும் போதாது, எவ்வளவு பாதுகாப்பாக ஓட்டினீர்கள் என்பதற்குத் தனி மதிப்பெண் உண்டு. ட்ராக்கை விட்டு வெளியே போனால், சுழன்றால், மோதினால் அது குறையும். எதிரே ஓட்டுபவர்கள் நிஜ மனிதர்கள் என்பதால் ரேஸைப் பின்னோக்கி ஓட்ட வழியே இல்லை. ‘கரியர் மோடு’ என்ற பெயரே இல்லாமல், ஒரு கரியரின் பதற்றத்தை அது கொடுத்துவிடுகிறது.

கடைசி கார்: கேம் சொல்லும் மிகப் பெரிய பொய்

இங்கே நம்மூர்க்காரர் ஒருவரின் கதை உதவும். கோவையைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணியில் ஓட்டி, இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 வீரர் ஆனவர். 2011, 2012 சீசன்களில் அவர் ஓட்டியது எச்ஆர்டி என்ற சிறிய அணிக்கு. அந்த ஆண்டு கேம்களில் அவர் பெயரும் எச்ஆர்டி காரும் இருந்தன.

கேமில் எச்ஆர்டி மாதிரியான அணியில் சேர்ந்து, எதிராளிகளின் திறன் அளவைக் கொஞ்சம் குறைத்து வைத்தால், மூன்றாவது ரேஸிலேயே மேடை ஏறலாம். ஷாம்பெயின் தெறிக்கும், ரேடியோவில் என்ஜினீயர் குதிப்பார்.

நிஜத்தில் நடந்தது என்ன? 2011 சீசனின் முதல் ரேஸ் ஆஸ்திரேலியாவில். முதல் தகுதிச்சுற்றின் அதிவேக நேரத்தைவிட 107 சதவீதத்துக்குள் லேப் ஓட்டினால்தான் ரேஸில் இடம். எச்ஆர்டியின் இரண்டு கார்களுமே அதற்குள் வரவில்லை. 2012-ல் அதே ஆஸ்திரேலியா, அதே கதை. நாராயண் அங்கே ரேஸில் நிற்கவே முடியவில்லை. 2010 முதல் 2012 வரை மூன்று சீசன் ஓடிய எச்ஆர்டி ஒரு புள்ளிகூட எடுக்காமலே மூடப்பட்டது. ஃபார்முலா 1-ல் திறமை ஒரு பங்கு என்றால், கார் பல பங்கு. கேம் இந்தக் கசப்பைத் தர விரும்புவதில்லை. யாருக்கும் 22-வது இடத்துக்காகப் பணம் கொடுத்து கேம் வாங்கப் பிடிக்காது, அதுவும் சரிதானே!

கேம் நிஜத்தை முந்திய ஒரு தருணமும் அதே 2011-ல் உண்டு. நொய்டா அருகே உள்ள புத் சர்வதேச ட்ராக்கில் முதல் இந்தியன் கிராண்ட் ப்ரீ நடந்தது 2011 அக்டோபர் 30-ல். ‘எஃப்1 2011’ கேம் செப்டம்பரிலேயே கடைக்கு வந்துவிட்டது. அதாவது நிஜ வீரர்கள் அந்த ட்ராக்கில் ரேஸ் ஓடுவதற்கு முன்பே, வீட்டில் இருந்தவர்கள் அங்கே ஓட்டிப் பார்த்துவிட்டார்கள்.

ஆராய்ச்சிப் பிரிவு: இங்கே கேம் சரியாகச் சொல்கிறது

கரியர் மோடில் பலரும் அவசரமாகத் தாண்டிப் போகும் பகுதி பயிற்சிச் சுற்று. ஆனால் நிஜத்துக்கு மிக நெருக்கமானது அதுதான். வெள்ளிக்கிழமை டயர் தேய்மானத்தைச் சோதிக்க வேண்டும், ட்ராக்கைப் பழக வேண்டும், எரிபொருள் கணக்கைப் பார்க்க வேண்டும். இவற்றைச் செய்தால் புள்ளிகள் கிடைக்கும். அந்தப் புள்ளிகளை வைத்து காரின் ஏரோடைனமிக்ஸ், சேஸிஸ், என்ஜின், உழைப்புத்திறன் என்று ஒவ்வொன்றாக மேம்படுத்தலாம். சில மேம்பாடுகள் தோல்வியடையும். சீசன் இறுதியில் விதிகள் மாறினால் கஷ்டப்பட்டுச் செய்த பாகங்கள் வீணாகும்.

இதெல்லாம் அப்படியே நிஜம். 2021 முதல் அணிகளுக்குச் செலவு உச்சவரம்பு உண்டு, முதல் ஆண்டில் அது 145 மில்லியன் டாலர். காற்றுச் சுரங்கச் சோதனை நேரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. ஜெயித்த அணிக்கு அடிப்படை அளவில் 70 சதவீதம்தான், 10-வது இடத்துக்கு வந்த அணிக்கு 115 சதவீதம். பள்ளியில் முதல் ரேங்க் வாங்கியவருக்குப் படிக்கும் நேரத்தைக் குறைத்து, கடைசி ரேங்க்குக்குக் கூட்டித் தருவது மாதிரி.

என்ஜின் பாகங்களுக்கு அளவு வைத்திருப்பதும் நிஜம்தான். ஒரு சீசனுக்கு அனுமதித்த எண்ணிக்கையைத் தாண்டிப் புதிய பாகம் போட்டால், ரேஸைப் பின்வரிசையில் தொடங்க வேண்டும். ‘எஃப்1 2017’ முதல் கரியரில் இது இருக்கிறது. முந்துவது எளிதான ட்ராக்கில் தண்டனையை வாங்கிக்கொள்வோமா, இல்லை தேய்ந்த என்ஜினை இன்னொரு வாரம் ஓட்டுவோமா? இந்த முடிவுக்கு ரீவைண்ட் கிடையாது. கரியர் மோடு தன்னை மறந்து நிஜமாகும் இடம் இதுதான். வளைவில் செய்த தப்பை அழிக்கலாம். மூன்று மாதம் முன்பு எடுத்த தப்பான முடிவை அழிக்க முடியாது.

11-வது அணி: 5 நிமிடமா, 4 ஆண்டா?

‘மை டீம்’ மோடில் நீங்களே 11-வது அணியின் உரிமையாளர், நீங்களே வீரர். பெயர், லோகோ, ஸ்பான்சர், என்ஜின், இரண்டாவது வீரர் எல்லாம் தேர்வு செய்ய 5 நிமிடம் போதும்.

உரிமையாளரே ஓட்டுவது கட்டுக்கதை அல்ல. ஜாக் பிரபாம் 1966-ல் தன் சொந்தப் பெயர் கொண்ட காரில் உலக சாம்பியன் ஆனார். அந்தச் சாதனை இன்றுவரை அவருக்கு மட்டுமே. ப்ரூஸ் மெக்லாரன் 1968-ல் தன் பெயர் தாங்கிய காரில் பெல்ஜியம் ரேஸை வென்றார். ஆனால் அது 60 ஆண்டுகளுக்கு முந்தைய உலகம். ‘எஃப்1 25’ இதைப் புரிந்துகொண்ட மாதிரி, உங்களை உரிமையாளராக மட்டும் வைத்து, வாராவாரம் இரண்டு வீரர்களில் யாராக ஓட்டுவது என்று தேர்வு செய்யச் சொல்கிறது.

நிஜத்தில் 11-வது அணி எப்படி வந்தது? அமெரிக்காவின் ஆண்ட்ரெட்டி குழுமம் 2022-ல் வெளிப்படையாக முயற்சியைத் தொடங்கியது. 2023 அக்டோபரில் சர்வதேச கூட்டமைப்பான எஃப்ஐஏ ஒப்புதல் தந்தது. 2024 ஜனவரியில் ஃபார்முலா 1 நிர்வாகம் நிராகரித்தது. பிறகு ஜெனரல் மோட்டார்ஸின் கேடிலாக் என்ற பெயரில் பேச்சு தொடர்ந்து, 2025 மார்ச்சில் இறுதி ஒப்புதல் கிடைத்து, 2026 சீசனுக்குத்தான் இடம் உறுதியானது. புதிதாக வரும் அணி, ஏற்கெனவே இருக்கும் அணிகளின் பங்கு குறைவதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். 2021 ஒப்பந்தப்படி அது 200 மில்லியன் டாலர். ஒரு போல்ட் வாங்குவதற்கு முன்பே!

காரின் அறிவியலைக் கேம் காட்டுகிறது. பங்கு குறையுமே என்று பழைய அணிகள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அரசியலைக் காட்டுவதில்லை.

விட்டுப்போனவை: பணம், உடல், பயம்

பணம்: கரியர் மோடு பெரும்பாலும் ஃபார்முலா 2-வில் அல்லது நேராக ஃபார்முலா 1-ல் தொடங்கும். அதற்கு முந்தைய 10 ஆண்டு அதில் கிடையாது. ஏழெட்டு வயதில் கார்ட்டிங், பிறகு ஐரோப்பாவுக்குக் குடிபெயர்வு, ஃபார்முலா 4, ஃபார்முலா 3. ஃபார்முலா 2-வில் ஒரு சீசன் ஓட்டவே மில்லியன் யூரோக்களில் செலவாகும். அதோடு சூப்பர் லைசென்ஸ் வாங்க, கீழ்நிலைப் போட்டிகளில் மூன்று ஆண்டுகளுக்குள் 40 புள்ளி சேர்க்க வேண்டும். கேமில் நீங்கள் இழப்பது ஒப்பந்தம். நிஜத்தில் பல இளைஞர்கள் இழப்பது, அப்பா அடமானம் வைத்த வீடு.

உடல்: பிரேக் பிடிக்கும்போது உடல் எடையைப் போல ஐந்து மடங்கு விசை முன்னால் இழுக்கும். பிரேக் மிதியை 100 கிலோவுக்கு மேல் அழுத்தத்தோடு மிதிக்க வேண்டும், அதுவும் லேப்புக்கு லேப். சிங்கப்பூர் மாதிரியான ரேஸில் வியர்வையாகவே இரண்டு மூன்று கிலோ குறைந்துவிடும். நமக்குக் கட்டைவிரல் வலிக்கும், அவ்வளவுதான்.

பயம்: இதைச் சொல்ல ஜான் மார்டன்பரோவை விட்டால் வேறு ஆள் இல்லை. 1997-ல் ஜப்பானில் வெளிவந்த ‘கிரான் டூரிஸ்மோ’, கரியர் என்றால் என்ன என்பதை ரேஸிங் கேம்களுக்குச் சொல்லித் தந்தது. 10,000 கிரெடிட்டோடு தொடங்கி, பழைய கார் வாங்கி, லைசென்ஸ் தேர்வு எழுதி மேலே ஏற வேண்டும். அந்த கேமில் ஜெயிப்பவர்களை நிஜ ரேஸராக்க நிசானும் சோனியும் 2008-ல் ‘ஜிடி அகாடமி’ தொடங்கின. 2011-ல் அதில் வென்றவர் பிரிட்டிஷ் இளைஞர் மார்டன்பரோ. 2013-ல் லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸில் தன் பிரிவில் மூன்றாம் இடத்துக்கு வந்த அணியில் இருந்தார். கேமில் கற்ற வித்தை ட்ராக்கிலும் செல்லும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் 2015-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் அவர் கார் காற்றில் எழும்பி, வேலியைத் தாண்டி விழுந்தது. பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். ஆயிரம் முறை திரையில் ஓட்டிய ட்ராக்காக இருந்தாலும், அந்த ஒரு நொடிக்கு எந்த கேமும் யாரையும் தயார் செய்யாது.

இந்தக் கதை 2023-ல் ‘கிரான் டூரிஸ்மோ’ என்ற பெயரிலேயே படமாக வந்தது. அதில் 2015 விபத்தை, 2013 லெ மான்ஸுக்கு முன்பே நடந்ததாக மாற்றிவிட்டார்கள். வீழ்ச்சி முதலில், வெற்றி பிறகு என்று வந்தால்தானே கிளைமாக்ஸ்! ஒரு மனித உயிர் போன சம்பவத்தைத் திரைக்கதை வசதிக்காக நகர்த்தலாமா என்ற விமர்சனம் எழுந்தது. யோசித்துப் பார்த்தால், சினிமாவும் ஃப்ளாஷ்பேக் பட்டனைத்தான் அழுத்தியிருக்கிறது.

சரி, நிஜமாக ஆடுவது எப்படி?

விலை உயர்ந்த ஸ்டீயரிங் வீல் வாங்கினால்தான் நிஜ அனுபவம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். கேம்பேடிலேயே செய்யக்கூடிய மாற்றங்கள் சில உண்டு.

முதலில், எதிராளிகளின் திறன் அளவு. 0 முதல் 110 வரை இருக்கும் இதை எங்கே வைப்பது என்று பலருக்கும் குழப்பம். ஒரு எளிய வழி: உங்கள் கார் எத்தனையாவது வேகமான கார் என்று பாருங்கள். கடைசி அணியின் காரில் முதலிடம் வாங்கினால் அளவு குறைவு. முன்னணிக் காரில் 18-வது வந்தால் அளவு அதிகம். கார் எங்கே இருக்க வேண்டுமோ, அதற்கு ஓரிரு இடம் முன்னே பின்னே நீங்கள் வந்தால் அதுதான் சரியான அளவு. அப்போதுதான் 10-வது இடத்துக்குக் கிடைக்கும் ஒரே ஒரு புள்ளியும் தித்திக்கும்.

இரண்டாவது, ரேஸ் நீளம். 5 லேப் ரேஸில் டயரும் தேயாது, எரிபொருள் கணக்கும் வராது. குறைந்தது 25 சதவீதம், நேரம் இருந்தால் 50 சதவீதம் வையுங்கள்.

மூன்றாவது, அசிஸ்ட்டுகளை ஒரே நாளில் எல்லாவற்றையும் ஆஃப் செய்யாதீர்கள். முதலில் ரேஸிங் லைனை வளைவுகளில் மட்டும் தெரியும்படி வையுங்கள். பிறகு கியரைக் கையால் மாற்றப் பழகுங்கள். பிறகு ஏபிஎஸ். டிராக்‌ஷன் கன்ட்ரோலை முதலில் பாதியாக்கி, கடைசியாக ஆஃப் செய்யலாம். பாதியிலேயே நிறுத்தினாலும் குற்றமில்லை.

நான்காவது, டேமேஜ் அளவை ‘சிமுலேஷன்’ ஆக்குங்கள். தடுப்பில் உரசினால் வலிக்க வேண்டும்.

ஐந்தாவதுதான் கஷ்டமானது. ஒரு சீசன் மட்டும் ஃப்ளாஷ்பேக்கை ஆஃப் செய்து பாருங்கள். ரேஸை மறுபடி தொடங்கும் ஆப்ஷன் பக்கமும் போகாதீர்கள். முதல் நாலைந்து ரேஸில் கடுப்பாகும். ஆறாவது ரேஸில் ஒன்றைக் கவனிப்பீர்கள்: தேவையில்லாத இடத்தில் முந்த முயல்வதை நிறுத்தியிருப்பீர்கள். தடுப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டு ஓட்டுவீர்கள். உள்ளங்கை வியர்க்கும். எந்த கிராஃபிக்ஸ் கார்டும் தராத ரியலிசம் அது.

வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஜாலியாக ஆட வந்தவர்கள் ஃப்ளாஷ்பேக்கை வைத்துக்கொள்ளலாம், தப்பே இல்லை. கேம் என்பது முதலில் சந்தோஷத்துக்குத்தான். ஆனால் ‘கரியர் மோடு கொஞ்ச நாளில் போரடிக்குது’ என்று தோன்றினால், ட்ராக்கையும் கிராஃபிக்ஸையும் குறை சொல்வதற்கு முன் அந்த ஒரு பட்டனை ஆஃப் செய்து பாருங்கள்.

அந்த லெக்லெருக்கு என்ன ஆச்சு?

2021-ல் நிற்கவே முடியாமல் போன லெக்லெர், அதற்கு முன் 2018, 2019 இரண்டு ஆண்டும் சொந்த ஊர் ரேஸை முடிக்காமல் வெளியேறியவர். 2022-ல் மறுபடி முதலிடத்தில் தொடங்கினார். மழையில் அணியின் டயர் மாற்றும் திட்டம் சொதப்ப, நான்காவதாக வந்தார். ‘இவருக்கு மொனாக்கோ ராசியில்லை’ என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

2024 மே 26. முதலிடத்தில் தொடங்கி, முதலிடத்திலேயே முடித்தார். மொனாக்கோவைச் சேர்ந்த ஒருவர் அந்த ரேஸை வென்றது 1931-ல் லூயி ஷிரோனுக்குப் பிறகு அதுதான் முதல்முறை.

2021-ல் அவர் கையில் ஒரு ரீவைண்ட் பட்டன் இருந்திருந்தால் மூன்று ஆண்டு முன்பே ஜெயித்திருக்கலாம். ஆனால் 2024-ல் அந்த ஊரே பால்கனியில் நின்று கத்தியிருக்குமா?